ஒரே நாற்காலி, வேறு வேறு கலர்

என் கேமராவுக்குப் புத்தி பிசகியது முதலில் கேட் பாஸ் போட்டோக்களில்தான் தெரிந்தது. புதுவாயல் கூட்டு ரோட்டில் சின்னதாக ஒரு போட்டோக் கடை வைத்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, நாஷ்டாவை முடித்துவிட்டு, நேரே என் கடைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். பின்னால் நீலத் துணி, பக்கத்தில் வாசல் வெளிச்சம், எதிரே நான். அவ்வளவுதான் என் தொழில். கல்யாணம், வளைகாப்பு என்று நடுநடுவே வரும். ஆனால் அடுப்பு எரிவது கேட் பாஸில்தான்.

அன்றைக்கு ஒரே கான்ட்ராக்டரிடம் சேர்ந்த மூன்று பேர் வந்தார்கள். அதே நாற்காலி, அதே துணி, அதே வெளிச்சம். முதல் ஆள் தன் நிறத்திலேயே வந்தார். இரண்டாவது ஆள் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வந்தார். மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தது. மூன்றாவது ஆள் மறுபடியும் ஒழுங்காக வந்தார். நான் ஃப்ளாஷைத் திட்டினேன். பேட்டரியைத் திட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் போகும், நான் பின்னால் போவேன்.

"இன்னொண்ணு எடுக்கிறேன், உக்காருங்க" என்றேன் அந்த இரண்டாவது ஆளிடம்.

அவர் கம்ப்யூட்டரில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார மறுத்தார். "இன்னாத்துக்குக்கா? சூப்பரா கீது. நான் இவ்ளோ கலரா எப்பவுமே வந்ததில்ல. இதையே போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தார். கேட்டில் இருந்த செக்யூரிட்டி பாஸையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'உன் அண்ணன் பாஸ எடுத்துக்கினு வந்துட்டியா' என்று கேட்டாராம். மறுபடி எடுத்துக் கொடுத்தேன். ஆனால் பழைய போட்டோவையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனார். வீட்டில் மாட்டப் போகிறாராம்.

கேமரா பழசு. வாங்கும்போதே இன்னொருவர் கையில் தேய்ந்து வந்ததுதான். ரப்பர் பிடி உரிந்து, நான் செருப்புக்கு ஒட்டும் பசையைப் போட்டு ஒட்டியிருக்கிறேன். வயதானதற்கு ஏதோ கோளாறு, நாலு எடுத்தால் ஒன்றாவது நன்றாக வருகிறது, பொறுக்கிக் கொடுத்தால் போயிற்று என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. அந்தக் கடையில் எடுத்தால் கலராக வரும் என்று பேச்சுப் பரவிவிட்டது. காலேஜ் பெண்கள் வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன்கள் வந்தார்கள். நாலில் வெளுத்ததைத்தான் எல்லோரும் கேட்டார்கள். கேட்காவிட்டாலும் அதைத்தான் நான் முதலில் காட்டினேன். வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு போனால் எந்தக் கடைக்காரி வேண்டாம் என்பாள்?

எங்கள் கடைக்குப் பின் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை. நல்ல கறுப்பு. முகத்தில் அப்படி ஒரு களை. அவள் அம்மா செக்கச் செவேல் என்று இருப்பார். வரன் பார்க்கத் தொடங்கியதும், அம்மாவே அவளைப் பட்டுப் புடவை கட்டி அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தார். கேமரா தன் புத்தியைக் காட்டியது. ஒன்று இருட்டு, இரண்டு சுமார், ஒன்று வெள்ளை வெளேர். அந்த வெள்ளையைப் பார்த்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதாம்மா. இது போதும். மத்ததெல்லாம் அழிச்சிடு."

அதுதான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனில் போயிற்று. திருவள்ளூர் பக்கத்து ஆட்கள். போட்டோ பிடித்துவிட்டது என்று கார் வைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்தார்கள்.

அங்கே நடந்ததை அந்தப் பெண்ணே வந்து சொன்னாள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் கம்பெனி அட்டை. நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினாள்.

"அந்த பையனோட அம்மா போன எடுத்துக்கினு என் பக்கத்துல வந்து உக்காந்துச்சுக்கா. போட்டோவ என் கன்னத்தாண்ட வெச்சிக்கினு பாத்துச்சு. துணிக்கு மேட்ச்சா நூல் வாங்கறப்ப, கடையில நூல துணி மேல வெச்சி பாப்பாங்களே, அந்த மாதிரி. 'போட்டோல ஒரு கலரு, நேர்ல ஒரு கலரு கீதே'ன்னுச்சு. அப்புறம் எல்லாரும் ஒவ்வொருத்தரா அந்த போன வாங்கி வாங்கி பாத்தாங்க. போன பாக்குறது, என்னைப் பாக்குறது."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னாக்கா சொல்றது? தட்ட வெச்சிக்கினு உக்காந்துக்கினு இருந்தேன். கேசரி, பஜ்ஜி எல்லாத்தையும் துன்னுட்டு, சொல்லி அனுப்புறோம்னு போய்ட்டாங்க."

அந்தப் பொம்பளை அப்போது என் எதிரில் இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் இந்தப் பெண் வந்தது அதைச் சொல்லி அழுவதற்கு இல்லை.

"ஞாயித்துக்கெழம இன்னொருத்தங்க வர்றதா சொல்றாங்க. போட்டோ கேட்டுக்கினு கீறாங்க. அம்மா அதே போட்டோவ அனுப்பணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. சனிக்கெழம எனக்கு லீவு, நான் வரேன். என்னை இருக்கற மாதிரியே ஒண்ணு எடுத்துக் குடுக்கா. ஒண்ணே ஒண்ணு. நாலு எடுத்து நீ பொறுக்காத. எப்பிடி வருதோ, அதான் போவணும். இன்னொரு தபா அப்பிடி என்னால உக்காந்துக்கினு இருக்க முடியாது."

சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகுதான் யோசித்தேன். ஒரே ஒரு கிளிக்கில் இருக்கிற மாதிரி வருமா என்று என் கேமராவைக் கேட்டால் அதற்கே தெரியாது. போனில் எடுக்கலாம் என்றால் அது இதைவிட மோசம். எடுத்த கையோடு அதுவே முகத்தை மெழுகிப் பவுடர் பூசிவிடுகிறது. எங்கே போய் நிறுத்துவது என்று எனக்குப் பிடிபடவில்லை. வெளுத்ததைக் கம்ப்யூட்டரில் கறுப்பாக்கலாம் என்றால், வெளுத்துப் போன இடத்தில் முகமே பதிவாகியிருக்காது. இல்லாததை எங்கிருந்து கொண்டு வருவது? சாம்பல் பூசின மாதிரிதான் ஆகும்.

ஆக, கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தாக வேண்டும். இத்தனை நாள் திட்டினேனே தவிர, உட்கார்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு முழுத் தேங்காயை எடுத்துப் போய் நாற்காலியில் வைத்தேன். மனிதர்கள் அசைவார்கள், சட்டை மாறும், வியர்ப்பார்கள். தேங்காய் அப்படியே இருக்கும். நிறமும் மங்கல், நமக்கு வேண்டியதுதான். முதலில் ஃப்ளாஷைக் கழற்றி ஓரமாக வைத்தேன். வாசல் வெளிச்சம் மட்டும். எடுத்தேன். ஒரு தேங்காய் தேங்காயாக வந்தது. அடுத்தது வெளுத்து இளநீராக வந்தது. அப்படியானால் ஃப்ளாஷ் மேல் குற்றம் இல்லை.

வெளிச்சத்தை அளக்கிற மீட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று அடுத்த சந்தேகம். கேமராவையே யோசிக்க விட்டால்தானே மீட்டர் குழப்பும்? எல்லாவற்றையும் நானே நிறுத்தி வைக்கும் மேனுவலுக்கு மாற்றினேன். ஷட்டர் வேகம் ஒன்று, லென்ஸ் திறப்பு ஒன்று, எதையும் தொடவில்லை. இனி எத்தனை தடவை அமுக்கினாலும் ஒரே மாதிரிதான் வந்தாக வேண்டும். வரவில்லை. மறுபடியும் ஒன்று வெளுப்பு, ஒன்று சரி, ஒன்று வெளுப்பு. எனக்கு மண்டை காய்ந்தது.

பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸை வாங்க வந்தவர் எட்டிப் பார்த்தார். "இன்னாமா, தேங்காவும் கம்பெனி வேலைக்குப் போவுதா? கேட் பாஸா?"

"ஆமா, உங்க கடைக்குச் சட்னி அரைக்கற வேல. போங்க அண்ணே, நானே பேஜாருல கீறேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கேமராவோடு வந்த இன்னொரு லென்ஸ் அலமாரியில் கிடந்தது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து, எடுத்தால் எல்லாம் புகைக்குள் இருக்கிற மாதிரி வரும். தூக்கிப் போட மனம் இல்லாமல் வைத்திருந்தேன். அதை மாட்டி எடுத்துப் பார்த்தேன். தேங்காய் புகைக்குள் தெரிந்தது, ஆனால் எல்லாப் படத்திலும் ஒரே புகை, ஒரே நிறம். அப்போது புரிந்தது. கேமரா மேல் தப்பில்லை. கோளாறு நான் தினமும் போடுகிற லென்ஸில்.

லென்ஸுக்குள் மெல்லிய தகடுகள் வட்டமாக அடுக்கியிருக்கும். கண் பாவை மாதிரி விரியும், சுருங்கும். படம் எடுக்கிற நொடியில் மட்டும் சுருங்கி, வெளிச்சத்தை அளவாக உள்ளே விடும். இந்தத் திறப்பை முழுசாக விரித்து வைத்து எடுத்தால் தகடுகளுக்கு வேலையே இல்லை. அப்படி எடுத்துப் பார்த்தேன். எல்லாத் தேங்காயும் ஒரே தேங்காய். திறப்பைச் சுருக்கி வைத்து எடுத்தேன். ஆட்டம் தொடங்கிவிட்டது. தகடுகள் நேரத்துக்குச் சுருங்காமல் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் வேண்டாத வெளிச்சமெல்லாம் உள்ளே புகுந்து முகத்தை வெளுக்கிறது. எப்போதாவது சுருங்கின நிலையிலேயே சிக்கிக்கொண்டால் இருட்டு.

கேமராவை லென்ஸ் என்னைப் பார்க்கத் திருப்பி, தகடுகளைச் சுருக்கிக் காட்டுகிற பட்டனை அமுக்கிப் பார்த்தேன். தூக்கத்தில் இருந்து எழுப்பின ஆள் மாதிரி மெதுவாக மூடின. வெளிச்சத்தில் சாய்த்தால் மேலே ஒரு பளபளப்பு. எண்ணெய். ஓரமெல்லாம் கறுப்புப் பசை. கண்ணாடிக்குள் எண்ணெய் எப்படி வரும்? கழற்றி மூக்கருகே கொண்டு போனேன். அந்த வாசனை எனக்குத் தெரியும். தினமும் ராத்திரி என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி வாளியில் போடும்போது வருகிற வாசனை.

அவர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன பட்டறையில் இரும்பு அறுக்கிற, கடைகிற வேலை செய்கிறார். எங்கள் பக்கம் காற்றிலேயே இரும்புத் தூள் இருக்கும். காலையில் துடைத்த மேஜையை மதியம் தொட்டால் விரல் கறுக்கும். பட்டறையில் ஷிப்ட் முடிந்ததும் ஆட்கள் வரிசையாக நின்று, கம்ப்ரஸர் குழாயைப் பிடித்துத் தலை, சட்டை, செருப்பு என்று காற்று அடித்துக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்புவார்கள். மற்ற ஊரில் கை கால் கழுவுகிற மாதிரி இங்கே அது ஒரு பழக்கம். கடைக்கு லீவு விடுகிற நாளில் இவர் என் கேமராவையும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போவார், துடைத்துக் கொண்டு வருகிறேன் என்று. பளபளவென்று வரும். துணி வைத்துத் துடைக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவர் வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, கேட்டுவிட்டேன். "கேமராவ எதுல சுத்தம் பண்றீங்க?"

"ஏன், ஏர்லதான். லென்ஸக் கழட்டி, உள்ள, வெளில எல்லாம் நல்லா அடிச்சிடுவேன்." குரலில் ஒரு பெருமை வேறு.

"அந்தக் கம்ப்ரஸர்ல காத்தோட எண்ணெயும் சேந்து வரும்னு தெரியாதா உங்களுக்கு?"

"லேசா வரும். அது நல்லதுதானே? துரு புடிக்காது."

தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது. அந்தப் பெண்ணின் கன்னத்தில் போனை வைத்துப் பார்த்தது வரைக்கும் எல்லாவற்றையும் அவர் தலையில் கொட்டினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார்.

"உன் பொருளாச்சேன்னு, என் மேல அடிக்கறதுக்கு முன்ன அதுக்குத்தான்மே அடிப்பேன்."

அதற்கு மேல் எப்படித் திட்டுவது? முகத்தைத் திருப்பிக்கொண்டு சாதம் போட்டேன். சாப்பிட்டு முடித்துவிட்டு அவர், "பெட்ரோல் ஊத்திக் கழுவினா எண்ணெ போய்டும், நான் வேணா" என்று தொடங்கினார். லென்ஸை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மெட்ராஸில் லென்ஸ் ரிப்பேர் செய்கிற ஒருவரை விசாரித்தேன். பிரித்துத் தகடுகளைக் கழுவ வேண்டும், வரிசையில் நிறைய இருக்கிறது, கொடுத்துவிட்டுப் போனால் பல நாள் ஆகும் என்றார். சனிக்கிழமைக்கு அது ஆகாது. கொடுக்கிறபோது கொடுத்துக்கொள்ளலாம் என்று, திறப்பை முழுசாக விரித்து வைத்தே எடுப்பது என்று முடிவு செய்தேன். அதில் ஒரு சங்கடம் உண்டு. கூர்மை ஒரு விரல் கனத்துக்குத்தான் நிற்கும். கண்ணுக்குப் பிடித்தால் காது மங்கும். ஆள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலும் போயிற்று. கேட் பாஸ் ஆட்களை உட்கார வைத்துப் பழகினேன். மூச்சை விடாதீர்கள் என்று நான் போட்ட சத்தத்தில் ஒருத்தர், "இன்னாக்கா, எக்ஸ்ரேயா எடுக்கற?" என்று கேட்டார். ஆனால் ஒவ்வொருவரும் அவரவர் நிறத்தில் வந்தார்கள். கலராக வரவில்லையே என்று குறைப்பட்டவர்களை, நேராகக் கண்ணாடியைப் போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை அவள் வந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, சாதாரணப் பருத்திப் புடவை. பின்னாலேயே அவள் அம்மாவும் வந்துவிட்டார். கையில் பவுடர் டப்பா.

"கொஞ்சமாச்சும் போட்டுக்கடி. நீயாவது சொல்லும்மா இவகிட்ட."

"வேணாம்மா" என்றாள் அவள். நான் கேமராவை எடுத்தேன்.

வாசலுக்கு எதிரே ஒரு லாரி நின்றிருந்தது. அதன் வெள்ளைத் தார்ப்பாயில் வெயில் பட்டு, ஒரு பக்கக் கன்னத்தில் அடித்தது. அது கிளம்பும்வரை மூன்று பேரும் காத்திருந்தோம். லாரி போனது. அவள் கண்ணில் கூர்மையை நிறுத்தினேன். ஒரு தடவை அமுக்கினேன். கேமராவைக் கீழே வைத்துவிட்டேன்.

கம்ப்யூட்டரில் திறந்தபோது எனக்கு முதலில் பார்க்கத் தைரியம் இல்லை. பிறகு பார்த்தேன். அவள்தான். அவள் கறுப்பு அப்படியே இருந்தது. நெற்றியில் வெளிச்சம் இறங்கி மூக்கின் மேல் வழிந்தது. மேல் உதட்டு ஓரத்தில் இருந்த சின்ன மச்சம், பழைய போட்டோவில் வெளுத்துக் காணாமல் போனது, இதில் இருந்தது. எத்தனையோ முகம் எடுத்திருக்கிறேன். இவ்வளவு அழகாக ஒன்று என் கையால் எடுத்ததில்லை. அதை அவளிடமே சொன்னேன்.

அவள் அம்மா மட்டும் என் காதோரம் குனிந்தார். "ஏம்மா, கம்ப்யூட்டர்ல இத கொஞ்சம் வெளுப்பாக்க முடியும்ல?"

"முடியும்க்கா. உங்க பொண்ணு சொன்னா பண்றேன்."

"வேணாம்" என்றாள் அவள், எங்கள் பக்கம் திரும்பாமல்.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்து நானும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் பவுடர் டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"அப்பிடியே இவங்கப்பா மூஞ்சி" என்றார் கடைசியில். "அவரு என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ இதே கலர்லதான் வந்து உக்காந்தாரு. எங்க ஊட்டுல அவருகிட்ட யாரும் போட்டோ கேக்கல. நேர்ல பாத்துட்டும் யாரும் ஒண்ணும் சொல்லல. நானும் சொல்லல."

அந்தப் பெண் முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டு அழுதாள். அவ்வளவு நாளும் அழாதவள். அம்மா தன் போனை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"அந்தப் பழசு இதுல கீது. அத அழிச்சிட்டு இத ஏத்திக் குடும்மா. வர்றவன் இதைப் பாத்துட்டு வரட்டும்."